பரணில் ஏற்றிய நெட்வொர்க்: பிடிபி-11இல் டிசிபி/ஐபி ஓடவைத்த கதை

என் மேசைக்கு அடியில், சின்ன பிஸ்கட் டப்பா அளவு பெட்டிக்குள் பிடிபி-11/70 என்ற பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. 1975-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி அந்த மெஷினை விற்க ஆரம்பித்தபோது அது பீரோ பீரோவாக வரிசையில் நின்றது. என்னிடம் இருப்பது ஒரு ராஸ்பெர்ரி பை (குட்டிக் கணினி, இனி வெறும் ‘பை’), அதில் அந்தப் பழைய மெஷினாக நடிக்கும் சிம்எச் எமுலேட்டர், அவ்வளவுதான். அதில் 2.11பிஎஸ்டி என்ற பழைய யூனிக்ஸ் இயங்குதளத்தை ஏற்ற வேண்டும், டிசிபி/ஐபி என்ற இணைய நெறிமுறை வழியாக லேப்டாப்பிலிருந்து டெல்நெட் போட்டு உள்ளே போக வேண்டும், எஃப்டிபியில் ஒரு ஃபைலைத் தள்ள வேண்டும். இதற்கு மேல் ஆசை இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று வார இறுதி போயிற்று.

ஏன் 2.11பிஎஸ்டி? பெல் லேப்ஸின் பழைய யூனிக்ஸ் பதிப்புகளும் பிடிபி-11இல் ஓடும். ஏழாம் பதிப்பை நான் முன்பே ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் டிசிபி/ஐபி என்ற பேச்சே கிடையாது. சாக்கெட்டோடு (நிரல்கள் நெட்வொர்க்கில் பேசும் வாசல்) முழு டிசிபி/ஐபி வந்தது 1983-இல் 4.2பிஎஸ்டியில், அதுவும் 32 பிட் வாக்ஸ் கணினிக்கு. அந்த வழியில் வந்த 4.3பிஎஸ்டியை 16 பிட் பிடிபி-11க்குள் திணித்ததுதான் 1987-இல் வந்த 2.10பிஎஸ்டி. அண்ணன் சட்டையைத் தம்பிக்கு வெட்டித் தைத்த மாதிரி. 1991-இல் 2.11 வந்தது. அதற்குப் பிறகும் ஸ்டீவன் ஷுல்ட்ஸ் என்பவர் பல வருடங்கள் பேட்ச் மேல் பேட்சாகப் போட்டு அதை உயிரோடு வைத்திருந்தார். 2002-இல் கால்டெரா கம்பெனி பழைய யூனிக்ஸ் மூல நிரல்களைத் தாராள உரிமத்தில் விட்டுவிட்டதால் இன்று யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம்.

இந்தத் தையல் வேலை எப்படி நடந்தது என்று தெரியாமல் கீழே உள்ள எதுவும் புரியாது. கொஞ்சம் நின்று சொல்லிவிடுகிறேன்.

16 பிட் முகவரி என்றால் 65,536 பைட். மெஷினில் 4 மெகாபைட் நினைவகம் இருக்கலாம். ஆனால் ஒரு புரோகிராமின் கண்ணுக்கு ஒரே நேரத்தில் தெரிவது கோடுக்கு (நிரலின் கட்டளைகளுக்கு) 64 கிலோபைட், டேட்டாவுக்கு 64 கிலோபைட். யூனிக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கும் இதே சட்டம்தான். அந்த 64 கிலோபைட் எட்டுப் பக்கமாகப் பிரிந்திருக்கும், பக்கத்துக்கு 8 கிலோபைட். 2.11பிஎஸ்டி கர்னலின் கோடு இதில் அடங்காது. அதனால் ஏழு பக்கம், அதாவது 57,344 பைட், எப்போதும் இருக்கிற அடிப்பகுதி. எட்டாவது பக்கத்தில் 8,192 பைட்டுக்கு மிகாத துண்டுகளைத் தேவைக்கேற்ப மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். அதற்குப் பெயர் ஓவர்லே. ஒரே ஸ்லேட்டில் பாடத்துக்குப் பாடம் அழித்து எழுதுகிற மாதிரி என்று சொல்ல வந்தேன், ஆனால் எதுவும் அழிவதில்லை. எல்லாத் துண்டும் நினைவகத்தில்தான் இருக்கின்றன, எது கண்ணுக்குத் தெரிவது என்பதுதான் மாறுகிறது.

இவ்வளவு நெருக்கடியில் டிசிபி/ஐபிக்கு எங்கே போவது? பிடிபி-11/70க்கு மூன்று மோடு உண்டு: கர்னல், சூப்பர்வைசர், யூசர். யூனிக்ஸுக்கு முதலும் கடைசியும் போதும். நடுவில் இருந்த சூப்பர்வைசர் மோடு சும்மா கிடந்தது. அதற்கும் தனியாகக் கோடுக்கு 64 கிலோபைட், டேட்டாவுக்கு 64 கிலோபைட். கீழே நடக்க இடமில்லாத வீட்டில் பரண் மட்டும் காலி. மொத்த நெட்வொர்க் கோடையும் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்கள். அதனால் இந்த யூனிக்ஸில் கர்னல் ஒரு ஃபைல் இல்லை, இரண்டு. கீழ் வீட்டுக்கு ‘யூனிக்ஸ்’, பரணுக்கு ‘நெட்நிக்ஸ்’. பூட் ஆகும்போது கர்னல் தானே நெட்நிக்ஸைத் தேடி எடுத்து மேலே ஏற்றிக்கொள்ளும். முதல் நாளே இதைப் படித்து, ‘அட, என்ன மூளை’ என்று ரசித்தேன். ரசித்ததோடு சரி. பத்து நாள் கழித்து அதையே மறந்தேன்.

நான் எடுத்த டிஸ்க் இமேஜில் இருந்த கர்னலில் நெட்வொர்க் இல்லை. புதிதாகக் கட்ட வேண்டும். கர்னலின் மூல நிரல் இருக்கும் டைரக்டரியில் கான்ஃப் என்று ஒன்று இருக்கிறது. அதில் ‘ஜெனரிக்’ என்ற மாதிரி ஃபைல். அதை என் பெயருக்கு ஒரு நகல் எடுத்து, வரி வரியாகத் திருத்துவது முதல் வேலை. ‘ஐநெட்’ என்ற வரியில் இல்லை என்பதை ஆமாம் ஆக்கினேன். ‘நெதர்’, அதாவது ஈதர்நெட், அதுவும் ஆமாம். டியூனா கார்டு எத்தனை என்ற இடத்தில் 1. டியூனா என்பது யூனிபஸ் (கார்டுகளைச் சொருகும் இணைப்புத் தடம்) மெஷின்களுக்காக டிஜிட்டல் விற்ற ஈதர்நெட் கார்டு. நிஜத்தில் இரண்டு பெரிய போர்டு சேர்ந்தது ஒரு கார்டு. சிம்எச் அதை எக்ஸ்யூ என்ற பெயரில் நடிக்கிறது. பிறகு கன்ஃபிக் நிரலை ஓட்டி, புது டைரக்டரிக்குள் போய், மேக் (மூல நிரலிலிருந்து கர்னலைக் கட்டும் கட்டளை). நிஜ மெஷினில் தூங்கி எழுந்து வர வேண்டிய வேலை. பையில் டீ போட்டுக் குடிப்பதற்குள் முடிந்தது. இரண்டு ஃபைலையும் இன்ஸ்டால் கட்டளை வழியாகவே ரூட் டைரக்டரிக்கு அனுப்பினேன், பழைய கர்னலை வேறு பெயரில் பத்திரப்படுத்திவிட்டு. இந்தப் பழக்கம் மட்டும் என்னைக் காப்பாற்றியது.

இடையில் ஒரு சில்லறைத் தடங்கல். சிம்எச் ஆரம்பிக்கும்போது தன்னை 11/73 என்று நினைத்துக்கொள்ளும். அது கியூபஸ் என்ற வேறு தடம் உள்ள மெஷின். என் செட்டிங் ஃபைலில் எக்ஸ்யூவை இயக்கும் வரி மேலே, மெஷினை 11/70 ஆக்கும் வரி கீழே. கியூபஸ் மெஷினில் யூனிபஸ் கார்டைச் சொருகப் பார்த்தால் அது முடியாது என்றுதான் சொல்லும். வரிகளை இடம் மாற்றினேன், சரியாகிவிட்டது. இதற்கு முக்கால் மணி நேரம்.

அடுத்த பூட்டில் திரையில் இரண்டு வரி வந்தன, கண் கலங்கவில்லை, ஆனால் கிட்டத்தட்ட. ‘அட்டாச்சிங் டிஈ0 சிஎஸ்ஆர் 174510’, ‘அட்டாச்சிங் எல்ஓ0’. முதல் வரி ஈதர்நெட் கார்டு, 174510 என்பது ஆக்டல் (எட்டை அடிப்படையாகக் கொண்ட) எண்முறையில் அதன் முகவரி. இரண்டாவது, தனக்குத் தானே பேசிக்கொள்ளும் லூப்பேக். அதற்குக் கீழே மொத்த நினைவகம் 3932160 என்று காட்டியது. 4 மெகாபைட் என்றால் 4194304 அல்லவா, மீதி எங்கே? மேலே உள்ள 256 கிலோபைட் முகவரிகளை 11/70 யூனிபஸுக்கு ஒதுக்கிவிடுகிறது. கழித்துப் பாருங்கள், ஒரு பைட் பிசகாமல் வரும். எமுலேட்டர் எழுதிய பாப் சப்னிக் டிஜிட்டலிலேயே பெரிய பொறுப்பில் இருந்தவர். அந்தக் கணக்கெல்லாம் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி வெளி உலகத் தொடர்பு. என் பை வைஃபையில் இருக்கிறது. சிம்எச்சின் கார்டை நேராக வைஃபை இடைமுகத்தில் கோத்தேன். பிடிபியிலிருந்து பிங், அதாவது ‘இருக்கிறாயா?’ என்ற கேள்வி. பதில் இல்லை. பையில், போகிற வருகிற பொட்டலங்களைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டுப் பார்த்தால், ‘இந்த முகவரி யாருடையது?’ என்று ஏஆர்பி கேள்வி நிமிஷத்துக்கு நிமிஷம் போய்க்கொண்டே இருக்கிறது, வீட்டு ரூட்டர் காதில் வாங்கவில்லை. அது ரூட்டரின் குற்றம் இல்லை. வைஃபையில் எந்த மேக் முகவரியோடு (நெட்வொர்க் கார்டின் சொந்த எண்; மேக் கட்டளை இல்லை) சேர்ந்தோமோ அதன் பெயரில் வரும் பொட்டலத்தைத்தான் ஆக்சஸ் பாயின்ட் ஏற்கும். பை சேர்ந்தது தன் முகவரியில். பிடிபியோ 08-00-2பி என்று தொடங்கும் டிஜிட்டல் கம்பெனி முகவரியில் பேசுகிறது. வாசலில் பெயர் பதியாமல் உள்ளே நுழையப் பார்க்கிற ஆள். கேபிள் இழுத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் ரூட்டர் ஹாலில், மேசை உள் அறையில், நடுவில் வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்.

ஆகவே டேப். காந்த நாடா டேப் இல்லை, தண்ணிக் குழாய் டேப். லினக்ஸுக்குள் ஒரு பொய்யான ஈதர்நெட் குழாய். ஒரு முனை கர்னலில், மறு முனை சிம்எச் கையில். குழாயின் இந்தப் பக்கத்துக்கு 10.0.70.1, பிடிபிக்கு 10.0.70.2. வீட்டு நெட்வொர்க் 10.0.0 என்று ஆரம்பிப்பது. பை அதில் 10.0.0.20, லேப்டாப் 10.0.0.7. பையில் பொட்டலங்களைக் கடத்திவிடும் ஃபார்வர்டிங்கை இயக்கினேன். லேப்டாப்பில், 70ஆம் தெருவுக்குப் போக வேண்டுமானால் பை வழியாகப் போ என்று ஒரு ரூட், அதாவது வழி. பிடிபியில் டிஈ0க்கு முகவரி கொடுத்து எழுப்பினேன். பையிலிருந்து பிங் போட்டதும் பதில் வந்தது. முதல் வாரம் இப்படி முடிந்தது, நல்லபடியாக.

இப்போது நான் செய்த ஒரு அசட்டுத்தனத்தைச் சொல்ல வேண்டும். பிங் வந்த சந்தோஷத்தில் டெல்நெட் அடித்தேன். லாகின் கேட்டது. ரூட் என்ற நிர்வாகிக் கணக்கில் உள்ளே போனேன். போட்டோ எடுத்து, பழைய ஆபீஸில் என் சீனியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு அனுப்பினேன். அவர் எண்பதுகளில் யூனிக்ஸில் கை நனைத்தவர். எனக்கு இந்தப் பைத்தியம் பிடிக்கக் காரணமே அவர்தான். பத்து நிமிஷத்தில் போன்.

“தம்பி, ஹூ அடிச்சு பாத்தியா?”

“இல்ல சார், ஏன்?”

“அடி.”

அடித்தேன். யார் எந்த லைனில் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் கட்டளை அது. வந்த பதில்: ரூட், டிடிஒய்00.

“நெட்வொர்க்ல வந்தா டிடிஒய்க்கு அப்புறம் பி வரணும். உனக்கு 00னு வருது. நீ சீரியல் லைன்ல உக்காந்துட்டு நெட்வொர்க்னு சொல்ற.”

முன்பு ஏழாம் பதிப்பு ஓட்டிய பழக்கத்தில் டெல்நெட்டோடு 4000 என்ற போர்ட் எண்ணையும் சேர்த்து அடித்திருக்கிறேன். அது சிம்எச்சின் டிஇசட் சீரியல் கார்டுக்கு நான் கொடுத்திருந்த போர்ட். ஒரு டெர்மினலை ஒயரில் மாட்டுவதற்குப் பதில் டெல்நெட்டில் மாட்டும் வசதி. பிடிபிக்குள் இருக்கும் டிசிபி/ஐபிக்கு அதில் ஒரு சம்பந்தமும் கிடையாது. நான் அனுப்பிய போட்டோவிலேயே மேல் வரியில் ‘பிடிபி-11 சிமுலேட்டரின் டிஇசட் கார்டு, லைன் 0’ என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. நான் அதைப் படிக்கவே இல்லை. அவர் படித்துவிட்டார்.

சரி, போர்ட் எண் இல்லாமல் 10.0.70.2க்கு ஒழுங்காக டெல்நெட். இணைப்பு கிடைத்தது, உடனே ஒரு வரி: எல்லா நெட்வொர்க் போர்ட்டும் உபயோகத்தில் உள்ளன. அங்கே என்னைத் தவிர ஈ காக்கை இல்லை. பிறகுதான் புரிந்தது. டெல்நெட் சர்வர் ஒவ்வொரு விருந்தாளிக்கும் ஒரு போலி டெர்மினல் எடுத்துக்கொடுக்க வேண்டும்; பிடிஒய் என்பார்கள். என் கன்ஃபிக் ஃபைலில் பிடிஒய் எண்ணிக்கை 0. சாதனங்களுக்கான ஃபைல்கள் இருக்கும் டேவ் டைரக்டரியிலும் அவை இல்லை. ஒன்றைக்கூடத் திறக்க முடியாத சர்வர், எல்லாம் எடுக்கப்பட்டுவிட்டன என்று முடிவுக்கு வருகிறது. காலி பஸ் ஸ்டாண்டில் நின்று ‘எல்லா பஸ்ஸும் ஃபுல்’ என்று சொல்லும் ஆள்.

எண்ணிக்கையை 16 ஆக்கி மறுபடி மேக். இந்த முறை லிங்க், அதாவது துண்டுகளை ஒன்றாகக் கோக்கும் இடத்தில் நின்றுவிட்டது. ஒரு ஓவர்லே பெரிதாகிவிட்டதாம். சைஸ் கட்டளை ஒவ்வொரு ஓவர்லேயின் அளவையும் வரிசையாகச் சொல்லும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பிடிஒய் டிரைவர் போய் விழுந்த ஓவர்லே 8,256 பைட். இருக்கக்கூடியது 8,192. அதிகம் 64 பைட். இந்தப் பத்தியின் கடைசி இரண்டு சொல்லை எடுத்தால் 64 பைட் மிச்சமாகும். தமிழில் ஒரு எழுத்துக்கே குறைந்தது மூன்று பைட் போகிற காலத்தில் உட்கார்ந்துகொண்டு 64 பைட்டுக்காக ஒரு மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டினேன்.

இதற்கு மருந்து மேக்ஃபைலில் இருக்கிறது. ஓவி1, ஓவி2 என்று ஓவர்லேக்களுக்கு வரிகள். ஒவ்வொன்றிலும் எந்த ஆப்ஜெக்ட் ஃபைல்கள் சேர்ந்து குடியிருக்க வேண்டும் என்று நாமே எழுத வேண்டும். ஒன்றை இங்கிருந்து எடுத்து அங்கே போட்டால் அங்கே வழியும். அங்கிருந்து இன்னொன்றை வேறிடம் தள்ளினால் அது வழியும். ஒட்டுக்குடித்தனத்தில் விருந்தாளி வந்த ராத்திரி யார் எங்கே படுப்பது என்ற பிரச்சினைதான். எல்லாவற்றையும் அடிப்பகுதியில் போட்டுவிடலாம் என்றால் அங்கே 57,344 பைட் என்ற எல்லை. அதோடு அடிக்கடி ஒன்றையொன்று கூப்பிடும் ஃபைல்கள் ஒரே ஓவர்லேயில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒவ்வொரு அழைப்புக்கும் பக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நாலாவது முயற்சியில் பிடிஒய்யை, சும்மா கிடந்த ஒரு டேப் டிரைவரின் பக்கத்தில் படுக்கவைத்தேன். இது நாடா டேப். லிங்க் ஆயிற்று. செக்சிஸ் என்ற நிரலை ஓட்டிப் பார்த்தேன், அதுவும் குறை சொல்லவில்லை.

ராத்திரி ஒன்றரை மணி. இன்ஸ்டால் என்று அடிக்காமல், புது யூனிக்ஸை மட்டும் கையால் ரூட் டைரக்டரிக்குக் காப்பி செய்து ரீபூட் செய்தேன்.

திரையில் வந்தது இது: கேஏ6, ஏபிஎஸ், பக்கத்தில் ஆக்டல் எண்கள். அடுத்த வரியில் பிசி, பிஎஸ். அதற்கடுத்து டிராப் டைப். கடைசியில் ‘பேனிக்: டிராப்’, அதாவது கர்னல் விழுந்துவிட்டது. மறுபடி பூட் செய்தால் மறுபடி அதே. நான் ஓவர்லேக்களைக் கலைத்ததுதான் காரணம் என்று உறுதியாக நம்பினேன். பூட் ஆகும்போது வரும் முக்காற்புள்ளி இடத்தில் பழைய கர்னலின் பெயரை அடித்தேன். நெட்வொர்க் இல்லாத அந்தக் கிழவர் பரண் பக்கமே போவதில்லை, நிம்மதியாக எழுந்து வந்தார். அதில் உட்கார்ந்து ஓவர்லேக்களை இன்னொரு விதமாக அடுக்கி, மறுபடி கட்டி, மறுபடி யூனிக்ஸை மட்டும் காப்பி செய்து, மறுபடி பேனிக். இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் பிசி எண் (விழுந்த இடத்தின் முகவரி) மட்டும் மாறியது. அந்த எண்ணை வைத்துச் சிம்பல் பட்டியலில் தேடினால், சம்பந்தமே இல்லாத ஏதோ ரொட்டீனின் நட்ட நடுவில் போய் நின்றது.

மறுநாள் காலை சாருக்கு போன் செய்தேன். ஓவர்லே கதையை ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் இருக்கட்டும். நெட்நிக்ஸையும் காப்பி பண்ணுனியா?”

நான் பேசவில்லை.

“பண்ணலைல்ல?”

“பண்ணல சார்.”

“சாப்பிட்டியா?”

பரணில் இருக்கும் நெட்நிக்ஸ் தன் வேலைக்குக் கீழ் வீட்டின் சில ரொட்டீன்களையும் மாறிகளையும் நம்பி இருக்கிறது. அவை எந்த முகவரியில் இருக்கின்றன என்பது லிங்க் செய்யும்போதே அதற்குள் பதிந்துவிடும். நான் கீழே எல்லோரையும் இடம் மாற்றிப் படுக்கவைத்துவிட்டேன். பரணில் இருப்பதோ போன வாரத்து நெட்நிக்ஸ். இருட்டில் ஏணியை விட்டுப் பழைய இடத்தில் காலை வைக்கிறது. அங்கே இப்போது வேறு யாரோ. யூனிக்ஸும் நெட்நிக்ஸும் ஒரே மேக்கில் பிறந்த ஜோடியாக இருக்க வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. என் முதல் ஓவர்லே அடுக்கே சரியாகத்தான் இருந்திருக்கிறது. அந்த ராத்திரி மொத்தமும் வீண்.

இரண்டையும் சேர்த்துப் போட்டதும் எழுந்துவிட்டது. டேவ் டைரக்டரிக்குப் போய் மேக்டேவ் மூலம் பிடிஒய் முனைகளை உருவாக்கினேன். பையிலிருந்து டெல்நெட். லாகின். ஹூ. டிடிஒய்பி0. இந்தத் தடவை போட்டோ எடுப்பதற்கு முன்னால் அந்த ‘பி’யை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

லேப்டாப்பிலிருந்து மட்டும் வரவில்லை. விசித்திரம் என்னவென்றால், பிடிபியிலிருந்து பையின் வீட்டு முகவரியான 10.0.0.20ஐ பிங் செய்தால் பதில் வருகிறது. அதே தெருவில் இருக்கும் 10.0.0.7 லேப்டாப் வரவில்லை. அப்படியானால் வழி சரி, லேப்டாப்பின் ஃபயர்வால்தான் கோளாறு என்று ஒரு மணி நேரம் அதைக் குடைந்தேன். குழாயில் டிசிபிடம்ப் போட்ட பிறகுதான் வெளிச்சம் வந்தது. ‘10.0.0.7 யார்?’ என்று பிடிபி குழாய்க்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தது. லேப்டாப் தன் கூடவே ஒரே ஒயரில் இருப்பதாக அதற்கு எண்ணம்.

2.11பிஎஸ்டி, ஐபி முகவரிகளை ஏ, பி, சி என்று வகுப்பாகப் பார்த்த காலத்து ஆள். 10 என்று ஆரம்பித்தால் ஏ வகுப்பு. முதல் எண் மட்டும்தான் நெட்வொர்க், மீதி மூன்றும் வீட்டு எண். ஆக 10 என்று தொடங்கும் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்ச முகவரிகளும் அதற்குப் பக்கத்து வீடுதான். 10.0.0.20க்கு மட்டும் எப்படிப் பதில் வந்தது? லினக்ஸ் தனக்குச் சொந்தமான எந்த முகவரியைக் கேட்டாலும், எந்தக் கதவில் நின்று கேட்டாலும், ‘நான்தான்’ என்று சொல்லிவிடும். அந்த உபகாரம்தான் என்னைத் திசைதிருப்பியது. முகவரி கொடுக்கும் இஃப்கான்ஃபிக் வரியில் நெட்மாஸ்க் 255.255.255.0 என்று சேர்த்தேன், முதல் மூன்று எண்ணும் நெட்வொர்க் என்று அதற்குப் பொருள்.

இப்போது போக வழி இல்லை என்றது. நியாயம்தான், டிஃபால்ட் ரூட் கொடுக்கவில்லையே. அந்தக் கால ரூட் கட்டளை கடைசியில் மெட்ரிக் என்று ஒரு எண் கேட்கும். எத்தனை தாவல் என்பது அர்த்தம். குறைவாக இருந்தால் நல்லதுதானே என்று 0 போட்டேன். மறுபடி குழாய்க்குள் ‘10.0.0.7 யார்?’ கத்தல். கையேட்டைத் திறந்து படித்தேன். 0 என்றால் இடையில் கேட்வே (பொட்டலத்தைக் கடத்திவிடும் மெஷின்) யாரும் இல்லை, நேரடித் தொடர்பு என்று பொருள். 1 அல்லது அதற்கு மேல் கொடுத்தால்தான் கேட்வே வழியாக அனுப்பும். அழித்துவிட்டு 1 போட்டதும் லேப்டாப்பிலிருந்து லாகின் வந்தது. இரண்டு வரியையும் நெட்ஸ்டார்ட் ஃபைலில் எழுதிவைத்தேன், அடுத்த பூட்டிலிருந்து தானாக நடக்கட்டும் என்று.

எஃப்டிபி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பைனரி மோடில் ஒரு டார் ஃபைல் தள்ளினேன், ஃபைலின் சரிபார்ப்பு எண்ணைச் சொல்லும் சம் கட்டளை இரு பக்கமும் ஒரே எண்ணைச் சொன்னது. சிம்எச்சை ஓய்வு நேரத்தில் தூங்கவிடும் ஐடில் செட்டிங் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் சும்மா இருக்கும்போதும் பையின் ஒரு கோர் முழு மூச்சில் சூடாகும். ரூட்டரில் போர்ட் திறந்து இதை வெளி உலகுக்குக் காட்டும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். டெல்நெட்டில் பாஸ்வேர்டு பச்சையாகப் போகிறது.

விளையாட்டாகக் கண்டுபிடித்தது ஒன்று. டெல்நெட் திறந்திருக்கும்போதே எமுலேட்டர் ஜன்னலில் கன்ட்ரோல்-ஈ அடித்தால் பிடிபி அப்படியே உறைந்துவிடும், ஒரு இன்ஸ்ட்ரக்ஷனுக்கும் அடுத்ததற்கும் நடுவில். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து தொடர் என்று சொன்னால், அந்தப் பக்கம் எதுவுமே நடக்காதது போல் அதே ஷெல், அதே இடம். டிசிபிக்கு இரு பக்கமும் பேச எதுவும் இல்லாதவரை மௌனம் ஒரு குற்றமில்லை. ஒரு மணி நேரம் உறையவைத்து எழுப்பிப் பார்த்தேன், இணைப்பு அறுந்திருக்கவில்லை.

பெயர் தீர்வு மட்டும் பாக்கி. முகவரிக்குப் பதில் பெயர் சொல்லிக் கூப்பிட, ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்ப்பதா, டிஎன்எஸ் சர்வரைக் கேட்பதா என்பதை இங்கே சி லைப்ரரி கம்பைல் ஆகும்போதே முடிவு செய்துவிடுகிறார்கள். எல்லா நிரலும் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு லைப்ரரி என்பதே கிடையாது. நான் மனம் மாறினால் டெல்நெட், எஃப்டிபி, ஃபிங்கர், பிங் என்று பெயர் கேட்கும் ஒவ்வொரு நிரலையும் மறுபடி லிங்க் செய்ய வேண்டும். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் மூன்று வரி எழுதிவிட்டு விட்டுவிட்டேன்.

போன ஞாயிறு சார் வீட்டுக்கு வந்திருந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டே என் லேப்டாப்பில் உட்கார்ந்து டெல்நெட் போட்டார். ஹூ அடித்து டிடிஒய்பி0 என்பதைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு ரூட் டைரக்டரிக்குப் போய் யூனிக்ஸ், நெட்நிக்ஸ் இரண்டையும் தேதியோடு பட்டியல் போட்டார்.

“ரெண்டும் ஒரே நிமிஷம். சரி.” கண்ணாடியை இறக்கிவிட்டு இன்னும் கிட்டே குனிந்தார். “வருஷம் ஏன் தம்பி 1995னு இருக்கு?”

11/70இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. டிஸ்க்கில் கடைசியாகப் பதிந்த நேரத்தை எடுத்துக்கொண்டு அங்கிருந்து ஓட ஆரம்பிக்கும். மூன்று வாரமாக நான் டேட் கட்டளையை ஒரு தடவைகூட அடிக்கவில்லை.